ஓனர் இல்லை

புதன்கிழமை ரூட்டில் நாற்பத்தியொரு கடை.
போனில் அப்படித்தான் இருக்கிறது.
வெள்ளாங்குளி திருப்பத்தில் தொடங்கி
கன்னடியன் கால்வாயை இரண்டு தடவை கடந்து
பழைய ரைஸ்மில் முக்கில் முடியும்.
திறந்திருப்பவை பத்தொன்பது.
இது எனக்கும் வெயிலுக்கும் தெரியும்,
கம்பெனிக்குத் தெரியாது.

கடைக்கு இருபது மீட்டருக்குள்
முப்பது விநாடி நின்றால்தான் கட்டம் பச்சையாகும்.
பிறகு கேட்கும், ஆர்டர் இல்லாததற்குக் காரணம் என்ன என்று.
ஸ்டாக் இருக்கிறது.
ஓனர் இல்லை.
நிரந்தரமாக மூடப்பட்டது.
மூன்றாவதை மூன்று வாரம் அமுக்கினால்
கடை லிஸ்டிலிருந்து உதிர்ந்துவிடும்.
லிஸ்ட் முப்பதுக்குக் கீழே இறங்கினால்
அம்பாசமுத்திரம் ரூட்டோடு சேர்த்துவிடுவார்கள்.
இரண்டு ரூட்டுக்கு ஒரு பைக், ஒரு ஆள்.
அந்த ரூட்டுப் பையன்
என்னைவிடப் பதினோரு வயது இளையவன்.

ஆகவே நிற்கிறேன்.
பூதத்தார் ஸ்டோர் ஷட்டரில் பாதி துரு,
மீதியில் ஒரு கல்யாண போஸ்டர்,
மாப்பிள்ளையின் காதுவரை ஆடு தின்றிருக்கிறது.
ஆறுமுகநயினார் அண்ணாச்சி திருப்பூரில்
ஏதோ பனியன் கம்பெனி கேட்டில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
எனக்கு இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு தரவேண்டும்.
ஓனர் இல்லை.

பட்டாணி பேன்சி.
பஸ் ஊருக்குள் வருவதை நிறுத்திய மாதமே
வளையல்களை மொத்தமாக எடைக்குப் போட்டார்.
ஓனர் இல்லை.

இந்தத் தெருவில் என்னைத் தவிர வண்டியில் வருகிறவன்
முதுகில் பெரிய பையோடு ஒரு கூரியர் பையன்தான்.
வீடு தெரியாமல் என்னிடம் வழி கேட்பான்.
சொல்லிக்கொடுக்கிறேன், வேறென்ன செய்ய.
போன வாரம் என் வீட்டுக்கே வந்தான்.
நான் விற்கிற அதே சோப்பு,
நான் விற்பதைவிட நாலு ரூபாய் குறைச்சல்.
சரோஜினி கவரைக் கிழித்தாள்.
நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது கடை.
இருபத்துநாலாம் விநாடியில்
பக்கத்துச் சந்திலிருந்து ஜெபக்கனி அக்கா வந்துவிட்டாள்,
கையில் மீன் கழுவிய ஈரம்.

"கடையை அடைச்சு ஏழு மாசமாச்சு.
வாரா வாரம் வந்து நிக்கியே, என்ன சங்கதி?"

சொன்னேன். போனையும் காட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்து வாசித்தாள்.

"ஓனர் இல்லைன்னால்லா போட்டிருக்கே.
நான் குத்துக்கல்லு மாதிரி இங்கனதான இருக்கேன்."

"மூடியாச்சுன்னு போட்டா என் வேலை போயிரும்க்கா."

ஒரு ஈயை விரட்டினாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள்
கணக்குப் போடும்போது
கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

"அப்போ ஒண்ணு செய்.
சும்மா நிக்கிற நேரத்துல
இந்த ஷட்டரை ஒருக்கா தூக்கி இறக்கிட்டுப் போ.
இறுகிப் போய்க் கிடக்கு, என் தோளுக்கு முடியல.
வாடகைக்குக் கேட்டு எவனாவது வந்தா
தொறந்து காட்டணும்லா."

சாவியைச் சேலையில் துடைத்துத் தந்தாள்.
குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன்.
முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொண்டது,
உதைத்ததும் ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு ஏறியது.
திரும்பிப் பார்க்க ஒரு நாய் இருந்தது.

உள்ளே
தராசு ஒரு பக்கம் சாய்ந்தபடி.
மிட்டாய் பாட்டில் மூடியில் எலிப் புழுக்கை.
இரண்டு வருஷத்துக்கு முன்னால்
நானே ஒட்டிய போஸ்டர்,
மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்,
பசை இன்னும் விடவில்லை.

"வாடகைக்கு யாரும் கேட்டாங்களாக்கா?"
"ஏடிஎம் வைக்கப் போறேன்னு ஒருத்தன் வந்தான்.
மெயின் ரோட்டுல இருக்கான்னு கேட்டான்.
இதுதாண்டா மெயின் ரோடுன்னேன். போயிட்டான்."

இறக்கினேன். பூட்டினேன்.
கட்டம் எப்போதோ பச்சையாகியிருந்தது.
காரணம் கேட்டுக்கொண்டிருந்தது போன்.
அவள் தோளுரசி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இரண்டாவதை அமுக்கினேன்.

"அடுத்த வாரம் வாறப்ப
கொஞ்சம் கிரீஸ் கொண்டாந்துரு" என்றாள்.
"காசு தாரேன்."